அண்ணாச்சி பெயரில் போன திருத்தம்

பாளையங்கோட்டையில் அண்ணாச்சி ஒருவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் நான் டீச்சர். அங்கே லினக்ஸ் போட்ட கணினியில் பிரிண்டர் பாதியிலேயே நின்றுவிடும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற மென்பொருள்தானே என்று அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள் புகுந்து பிழையைச் சரிசெய்தேன். சென்டருக்கு இருந்ததே ஒரு மின்னஞ்சல் கணக்கு, அண்ணாச்சியுடையது. அதிலிருந்துதான் திருத்தத்தை லினக்ஸ் குழுவுக்கு அனுப்பினேன். அடுத்த பதிப்பில் நன்றி அவர் பெயருக்கு வந்தது.

“கணக்கு எம் பேர்லல்லா இருக்கு, டீச்சர்” என்று சிரித்தவர், அந்த நன்றியை அச்செடுத்துச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்.

சில மாதங்களில், அந்தத் திருத்தத்தால் வேறு பிரிண்டர்கள் ஓடவில்லை என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் திட்டி எழுதினார். அண்ணாச்சி நேரே என் வகுப்புக்குள் வந்துவிட்டார்.

“என்ன டீச்சர் செஞ்சு வச்சிருக்கிய? எம் பேருல்லா கெடுது!”

அது நான் செய்த வேலை என்று அவர் நாலு பேர் முன்னால் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.