காந்தம் ஒட்டாத டேங்க்

பழைய புல்லட் வாங்குகிறவர்கள் இன்றைக்கு என்னைத்தான் கூட்டிப்போகிறார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் வண்டியைச் சுற்றி வந்து முகத்தைச் சுளித்தால் விற்கிறவருக்கு வியர்த்துவிடுகிறது. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. அந்தச் சுளிப்பே மாமாவிடம் திருடியது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துபோனார். அவருடைய புல்லட்டும் கைமாறிப்போனது. அது நிலக்கோட்டையில் ஒரு பூ வியாபாரியிடம் இருப்பதாகத் துப்புக் கிடைத்ததும், மாமா அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்த என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். என் கையில் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று.

“டேங்கு பூரா வச்சுப் பாரு. ஒட்டலைன்னா உள்ள ஒடுக்கு, மேல பட்டி பூசி மறைச்சிருக்கான்னு அர்த்தம். சத்தமாச் சொல்லு, வெலையக் கொறச்சுக் கேப்போம்.”

நம்பர் பிளேட்டில் அப்பாவின் நம்பர்தான் இருந்தது. மாமா குனிந்து மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சின் நம்பரைத் துடைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் களை இல்லை.

“எஞ்சினை மாத்திட்டீகளா?”

“பழசு மூச்ச விட்ருச்சு அப்பு. ஆர்சியில ஏத்தியாச்சு.”

“சீட்டு?”

“புதுசு. ஹேண்டில்பாரும் புதுசு, சைலன்சரும் புதுசு!” பூக்காரர் பெருமையாக அடுக்கினார்.

ஒவ்வொரு புதுசுக்கும் மாமா கொஞ்சம் சுருங்கினார். புதுசென்றால் நல்லதுதானே என்று நான் குழம்பினேன்.

“என்ன அப்பு, வண்டி பாக்க வந்துட்டு எழவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்கிற?”

“இது எங்க மச்சான் வண்டிண்ணே. அவர் தொட்ட சாமான் ஒண்ணாச்சும் மிச்சமிருந்தா எங்கக்காவுக்கு வாங்கிட்டுப் போலாம்னு பாத்தேன். டேங்காச்சும் பழசா?”

“எனக்கு முந்தி ரெண்டு கை மாறியிருக்கு. ஆருக்குத் தெரியும்?”

நானோ கடமையில் கண்ணாக இருந்தேன். கறுப்புப் பெயிண்ட் கண்ணாடியாக மின்னியது. இடது பக்கம், முழங்கால் படுகிற இடத்துக்குச் சற்று மேலே காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது. தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

“மாமா! ஒட்டலை! பட்டி!”

பூக்காரர் என்னை முறைத்தார். மாமா ஓடிவந்தார்.

“ஏலே, இன்னொருக்கா வையி.”

வைத்தேன். விழுந்தது. மாமா அந்த டேங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, பூக்காரர் சொன்ன விலையையே கொடுத்தார். நான் காந்தத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன், கண்ணடித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்படியொரு ஏமாளி மாமா வாய்த்தாரே என்று நாங்கள் குடியிருந்த நாகல் நகர் வரும்வரை அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வெட்கப்பட்டேன்.

வீட்டு வாசலில் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். கை நேராக டேங்கின் இடது பக்கம் போய் நின்றது.

“இந்த ஒடுக்க மூடிப்புட்டாகளாடா?” என்றார் மாமாவிடம். “மொத மொத ஓட்டக் குடுத்தாரு. கெணத்து மேட்டுல கொண்டுபோயிச் சாச்சுப்புட்டேன். ஒரு வார்த்த வையலையே மனுசன்.”

நான் சந்தேகப்பட்டு அம்மாவின் விரல் இருந்த இடத்தில் காந்தத்தை வைத்தேன். விழுந்தது. அதே இடம்!

எங்கம்மா கையில் காந்தம் இருக்கிறது என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.