அணில் இல்லீங்க சார்

போன வருஷம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை. கரியாலூர்ப் பக்கம் மலைமேல் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். தண்ணீர்த் தொட்டியில் ஓர் அணில் தத்தளிப்பதைப் பார்த்து வெறுங்கையால் தூக்கினேன். அன்றைய பாடம் கொறித்துண்ணிகள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு வகுப்பை நோக்கி நடந்தேன்.

சத்துணவு சமைக்கும் அம்மா குறுக்கே வந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"அணில் இல்லீங்க சார் இது, மூங்கில் அணத்தான். மூஞ்சி எவ்ளோ கூரா இருக்குது பாருங்க."

"எல்லாம் அணில் குடும்பம்தாம்மா" என்று சிரித்தேன். பட்டம் வாங்கியவன் அல்லவா! அதற்குள் அது கட்டைவிரலைக் கடித்துவிட்டுத் துள்ளி ஓடிவிட்டது. ரத்தம் வந்தது. அந்த அம்மா விடவில்லை. குழாயடியில் நிறுத்தி, பாத்திரம் விளக்கும் சோப்பைக் கொடுத்து, அவர் போதும் என்கிறவரை கழுவ வைத்தார். ஆஸ்பத்திரிக்கும் போகச் சொன்னார். அணில் கடித்தால் வெறிநோய் வருவது அபூர்வம் என்று எங்கோ படித்திருந்தேன். போகவில்லை.

எட்டாம் நாள் மதியம் சோறு போடும்போது என் விரலைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், அணில் கடிச்சா முன்பல்லுதான ஆழமா எறங்கும்? இது வரிசையா புள்ளி வெச்சிருக்குது பாருங்க. இன்னும் ஊசி போடலியா நீங்க?"

அவர் சொன்ன 'மூங்கில் அணத்தான்' என்ற பெயரைக் கைபேசியில் தேடினேன். அது அணிலும் இல்லை, மூஞ்சூறும் இல்லை. ஒரு காலத்தில் பூச்சி தின்னும் பிராணிகளோடு சேர்த்தார்களாம், பிறகு குரங்கினத்தோடு. கடைசியில் அதற்கென்றே தனி வரிசை கொடுத்துவிட்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். அன்று சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அணில் என்று நம்பித்தானே எட்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்!

கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன், தொண்டையில் இறங்குகிறதா என்று. வெறிநோய் வந்தவருக்குத் தண்ணீர் மட்டுமல்ல, காற்றும் ஆகாதே; ஜன்னல் காற்று முகத்தில் பட்டாலே திக்கென்றது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க முடியாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. மனைவிக்குப் போன் செய்யக் கை வரவில்லை.

என்ன கடித்தது என்று டாக்டர் கேட்டார். வரிசை, குடும்பம் என்று குழறத் தொடங்கினேன்.

"சார், காட்டுல இருக்கிற பாலூட்டி, கடிச்சு ரத்தம் வந்திருக்குது. எனக்கு அது போதும். உடனே கழுவினீங்களா?"

"கழுவ வெச்சாங்க."

"அந்தப் புண்ணியவதிக்கு நன்றி சொல்லுங்க" என்று ஊசியை எடுத்தார்.

கடைசி ஊசி போட்ட பிறகும் பல மாதம் காலையில் முதல் மடக்குத் தண்ணீரைப் பயந்து பயந்துதான் குடித்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். 'அப்படியா, அணத்தான்னா என்னம்மா?' என்று அன்று அவரிடம் கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.