ஆறாவது எபிசோடில் அண்ணன் இல்லை

ஒரு சீரிஸின் முதல் எபிசோடில் போட்ட முடிச்சு கடைசி எபிசோடில் ஒழுங்காக அவிழ்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. அவிழ்கிறது என்று சொன்னால் ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை, அவிழவில்லை என்றால் ஊரே சண்டைக்கு வருகிறது.

ஆக்லாந்தில் நம்மவர்கள் நடத்தும் ஒரு சின்ன வானொலியில் சனிக்கிழமை காலையில் எனக்குக் கால் மணி நேரம். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. பத்து எபிசோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் 'எல்லாம் கனவு' என்றதும் ரிமோட்டைத் தூக்கி எறிந்தவர்களே, நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள்!

தக்காளிக் கூடைக்கு முன்னால்

எங்கள் பேட்டையான பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து வழியை மறித்தார். முந்தின வாரம் ஒரு துப்பறியும் சீரிஸை நான் கிழித்திருந்தேன். ஏழு எபிசோடு வரை எல்லாரையும் சந்தேகப்பட வைத்துவிட்டு, எட்டாவதில் புதிதாக ஒருத்தனைக் கொண்டுவந்து இவன்தான் கொலைகாரன் என்றால் எப்படிங்க ஒட்டும்?

"நான் பேரைச் சொல்லலையேம்மா" என்று சமாளித்தேன். அவர் விடவில்லை. "புதுசா ஒருத்தன் வருவான்னு சொன்னீங்கள்ல? நான் இன்னும் அஞ்சாவதுலதான் இருக்கேன். இப்ப யாரு கதவைத் தட்டினாலும் எனக்குப் பக்குங்குது. நேத்து பார்சல் கொண்டுவந்த பையனையே உள்ள விடாம விசாரிச்சேன்!"

தூங்குகிற நிபுணர்

என் வீட்டுக்காரர் செந்தில் முதல் எபிசோடு முடிவதற்குள் சோபாவில் சாய்ந்துவிடுவார். கடைசி எபிசோடு சத்தத்தில்தான் எழுந்திருப்பார். நடுவில் ஒன்றுமே பார்க்காத மனுஷனுக்கு முடிவு முழுசாகப் புரிந்துவிட்டால், அந்த சீசனின் நடுப்பகுதி வெறும் இழுவை என்று நான் தீர்மானித்துவிடுவேன். இதுவரை இந்தச் சோதனை பொய்த்ததே இல்லை.

இதை ஒருநாள் பெருமையாக வானொலியில் சொல்லித் தொலைத்தேன். வீட்டுக்கு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "தூங்குறேன்னு சொன்னே, சரி. பேரையாவது சொல்லியிருக்கலாம்ல? உழைக்கிறது நானு!"

அண்ணன் போய்விட்டான்

தவம் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். லின்ஃபீல்டில் முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களைச் சேர்த்து, தானே எழுதி, ஆறு எபிசோடில் ஒரு சீரிஸ் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தங்கையோடு பேசுவதில்லை. ஏன்? இதுதான் கதை. ஐந்து எபிசோடு முடிந்தது. ஆறாவதில் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில், அண்ணனாக நடித்தவனுக்கு பிரிஸ்பேனில் வேலை கிடைத்துவிட்டது. ஒருத்தரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டான். ஆக்லாந்தில் இது தெரிந்த கதைதானே, வீட்டு ரெண்ட் ஏறினால் ஆளும் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிவிடுகிறது!

அண்ணனை விபத்தில் கொன்றுவிடலாம் என்றார்கள் குழுவினர். தாடி வைத்து வேறு ஆளைப் போடலாம் என்றார்கள். தவம் அக்கா இரண்டையும் கேட்கவில்லை. ஆறாவது எபிசோடில் அண்ணனும் சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுகிறான் என்று மாற்றி எழுதி, லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். "இது நிக்காது எண்டு நீங்கள் சொன்னால் எல்லாத்தையும் அழிச்சுப்போடுவன். பிறகு எழுதவே மாட்டன்."

ஐந்தையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அட! சாப்பிடும்போது, வேறு யாரோடாவது சண்டை போடும்போது, தங்கை அழும்போதுகூட அந்த அண்ணன் ஓரக்கண்ணால் போனையே பார்க்கிறான். படுபாவி, நடிக்கும்போதே பிரிஸ்பேன் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறான்! ஆனால் கதைக்கு அது அப்படியே பொருந்திவிட்டது. முதல் நாளிலிருந்தே கிளம்பத் தயாராக இருப்பவன் தங்கையோடு எப்படி ஒட்டுவான்?

"நிக்குது அக்கா, ஜம்முன்னு நிக்குது! ஒரே ஓட்டைதான். ஏன் சொல்லாம போனான்னு அவன் வாயால ஒரு காரணம் வரணும். குரலை மட்டுமாவது பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க" என்றேன். அக்கா லேப்டாப்பை மூடினார். "அவன் எனக்கே காரணம் சொல்லேல்லை. நான் தங்கச்சிக்கு என்னத்தைச் சொல்லுறது?"

விளக்குப் போட்ட பிறகு

காரணம் இல்லாமலே ஆறாவது எபிசோடை எடுத்தார்கள். பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு ஹாலில் ஆறையும் ஒரே மாலையில் போட்டார்கள். கடைசிக் காட்சியில் தங்கை காலி அறையில் அவன் கட்டிலை ஒழுங்குபடுத்துகிறாள். அவ்வளவுதான், முடிந்தது. விளக்குப் போட்டார்கள். காரணம் எங்கே என்று இப்போது கேட்கப்போகிறார்கள் என்று நான் நாற்காலியில் சுருங்கிவிட்டேன். தவம் அக்கா கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார், யாராவது சிரித்தால் ஓடிவிடுவது என்று.

முன்வரிசையிலிருந்து வயதான ஒருவர் எழுந்து நேராக அவரிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "எங்கட மூத்த மகனும் பெர்த்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் எடுத்தவன். ஏன் சொல்லாமல் போனவன் எண்டு இண்டைக்கும் எங்களுக்குத் தெரியாது. நல்லகாலம் பிள்ளை, நீங்கள் காரணம் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன்." அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

இத்தனை வருஷமாகக் கதைகளில் ஓட்டை தேடிக்கொண்டிருக்கும் நான், ஓட்டையை அடைக்காததால் நின்ற கதையை அன்றைக்குத்தான் பார்த்தேன், அடைக்கச் சொன்ன ஆளும் நானேதான்!