பொட்டு வைத்த ஐந்து புத்தகங்கள்

புஷ்பவள்ளி பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவள். மலேசியாவில், கோலா சிலாங்கூருக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீடு அவளுடையது. மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எண்பத்து மூன்றாம் ஆண்டு, தைப்பூசத்துக்கு முன், உடையப்பன் என்ற ஏஜெண்டு லயத்துக்கு வந்து ஒரு பக்தி மாத இதழுக்குச் சந்தா சேர்த்தான். சம்பளத்தில் மாதம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட், பிடிப்பு, ஒரு வருஷத்துக்குத்தான் என்றான். கையெழுத்துப் போட்டாள்.

வருஷம் முடிந்ததும் அதே இரண்டு வெள்ளிக்குக் கோயில் விளக்கெண்ணெய் வாங்கித் தருவதாக மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டிருந்தாள். வருஷம் முடிந்தது, பிடிப்பு முடியவில்லை. ஐந்து மாதமாக விளக்கு அடுத்தவர் எண்ணெயில் எரிந்தது. தோட்டத்து ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதும் கிராணி நாகமணியிடம் போய்க் கேட்டாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் சந்தா தானாகவே தொடரும் என்று அவள் கையெழுத்துப் போட்ட பாரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அவர் காட்டினார். ஏஜெண்டின் கடிதம் இல்லாமல் பிடிப்பை நிறுத்த அவரால் ஆகாதாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு குளித்துவிட்டு, அந்த ஐந்து மாத இதழ்களையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

டவுனில் உடையப்பன் பூசைச் சாமான் கடை வைத்திருந்தான். வேண்டாதவர்கள் புத்தகத்தைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், வாங்கி வைத்துக்கொண்டால் சம்மதம் என்றுதான் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்றான். புத்தகம் புதுசாக இருந்தால் இப்போதுகூட வாங்கிக்கொண்டு கடிதம் தருவதாகச் சொன்னான். அவள் மேசைமேல் எடுத்து வைத்தாள். ஒவ்வொரு அட்டையிலும் முருகன். ஒவ்வொரு முருகனின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம்.

"என்னக்கா இது? பொட்டு வச்சுக் கும்பிட்டாச்சுன்னா ஏத்துக்கிட்டதாத்தானே அர்த்தம் லா?"

"வாசலுக்கு வந்த முருகனைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வராது தம்பி. பொட்டு வச்சது அவருக்கு. உங்க சந்தாவுக்கு இல்ல."

கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்று அவன் இழுத்தான்.

"அப்ப முருகன் இங்கயே இருக்கட்டும். கீழ மட்டும் வச்சிடாதீங்க." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம். பூவும் கற்பூரமும் வாங்க வந்தவர்கள் மேசைமேல் இருந்த முருகனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி இருபது காசு வைத்துவிட்டுப் போனாள். சாமான் கட்ட இடமில்லாமல் உடையப்பன் திணறினான். புத்தகங்களை ஓரமாகத் தள்ளக் கை வந்தது, கீழே இறக்க வரவில்லை.

கடைசியில், "உங்களோட முடியாதுக்கா" என்று சிரித்துவிட்டுத் தாளை எடுத்தான்.

எழுதியதை அவள் எழுத்துக் கூட்டி முழுதும் வாசித்தாள். இந்த மாதத்திலிருந்தே பிடிப்பை நிறுத்தச் சொல்லியிருந்தது. அது போதவில்லை அவளுக்கு. "அடுத்த வருஷமும் தானா வராதுன்னு சேர்த்து எழுதுங்க தம்பி." எழுதி முத்திரை குத்தினான். போன ஐந்து மாதத்துக் காசை அவள் கேட்கவில்லை. புத்தகம் வந்தது, கும்பிட்டாள். அது போகட்டும் என்றாள்.

அந்த இருபது காசோடு இதழ்களைத் திரும்பவும் பைக்குள் அடுக்கியபோது, திருப்பித் தரவில்லையா என்று கேட்டான்.

"முருகனோட எனக்கென்ன வழக்கு?"

அந்த மாதச் சம்பளச் சீட்டில் பிடிப்பு இல்லை. அன்று மாலையே எண்ணெய்ப் போத்தலோடு கோயிலுக்குப் போனாள். புத்தகத்தின் மேல் விழுந்த இருபது காசை முதலில் உண்டியலில் போட்டாள். பிறகு விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.