பதினோரு ஆண்டு வலது இருக்கை

லைல் ஹாக்லண்ட் பேசிக் கேட்டவர்கள் குறைவு. வானொலியில் கேட்டவர்கள் உண்டு. வடக்கே பெமிஜி என்ற ஏரிக்கரைச் சிற்றூரின் விமான நிலையத்தில் பதினான்கு குளிர்காலங்கள் ஓடுபாதையில் பனி தள்ளும் வண்டியை ஓட்டினார். இறங்க வரும் விமானிகள் மேலிருந்து பாதை எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். எங்கே வழுக்கும், எங்கே பிடிக்கும் என்று கீழிருந்து நாலே வார்த்தையில் சொல்வார். நாற்பது வயதில் அவருக்கும் மேலே போகும் ஆசை வந்தது. வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தை வைத்திருந்த ஒருவரிடம் சனி ஞாயிறுகளில் ஓட்டக் கற்றுக்கொண்டார். நாற்பத்து மூன்று வயதில் மினியாபொலிஸிலிருந்து சின்ன ஊர்களுக்குப் பறக்கும் கம்பெனி ஒன்றில் துணை விமானியாகச் சேர்ந்தார்.

மூன்றாம் ஆண்டு மனைவி கோரின் அரிசோனாவில் தன் அக்காவிடம் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. "நீ வீட்ல இருக்கும்போதும் இப்பக் கிளம்பப் போற ஆள் மாதிரியே உக்காந்திருக்கே" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலையில் லைல் நிஜமாகவே கிளம்ப வேண்டியும் இருந்தது.

இப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு. பதினோரு ஆண்டுகளாக ஐம்பது பேர் அமரும் அதே சிறு ஜெட்டின் வலது இருக்கை. இடது இருக்கை கேப்டனுடையது. அங்கே மாறச் சொல்லி ஆறு முறை கேட்டார்கள், ஆறு முறையும் வேண்டாம் என்றார். கூடச் சேர்ந்தவர்கள் கேப்டன் ஆகி, பெரிய கம்பெனிகளுக்குப் போய், கடல் தாண்டிப் பறந்துகொண்டிருந்தார்கள். கேட்பவர்களிடம் லைல் ஒரே காரணம் சொல்வார்: "இங்க நான்தான் பட்டியல்ல முதல் ஆள். அங்க போனா கடைசி."

அது பொய் இல்லை. விமானிகளுக்கு எல்லாமே பணிமூப்புதான். எந்த நாளில் வேலை, எந்த ஊரில் இரவு, எப்போது விடுமுறை என்று ஒவ்வொரு மாதமும் விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். மூத்தவருக்குக் கேட்டது கிடைக்கும், இளையவர் மிச்சத்தை எடுத்துக்கொள்வார். முதலில் கேப்டன்களின் பட்டியல் முடியும், அடுத்த நாள் துணை விமானிகளுடையது. நூற்று நாற்பது துணை விமானிகளில் முதல் ஆளான லைல் வேறெதையும் பார்க்கமாட்டார். மார்வ் பெல்கி என்ற பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தைக் குறிப்பார். மார்வ் என்ன பயணமோ அதுவே தனக்கும்.

மார்வ் கேப்டன்களில் மூத்தவர். அறுபத்தொரு வயது, டுலூத்காரர், உரக்கச் சிரிப்பவர். ஆறு ஆண்டுகளாக மாதம் தவறாமல் அவர் ஒரே பயணத்தைத்தான் எடுத்தார். வாரத்தில் மூன்று இரவுகள் பெமிஜியில் தங்கும் பயணம் அது. மற்றவர்கள் ஓட்டலுக்குப் போகும்போது லைல் தன் வண்டியில் சொந்த வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். இதை லைல் தன் அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தார். மார்வுக்கு ஏரிக்கரை ஓட்டல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் அவருடன் பேச யாரும் இல்லை. கோரின் பிறந்த நாளுக்குக் கூப்பிடுவாள். கடையில் இருப்பவர் பை வேண்டுமா என்று கேட்பார். விமானி அறையில்தான் நிஜமான பேச்சு நடந்தது. புறப்படுமுன் சரிபார்க்கும் பட்டியலை ஒருவர் படிக்க மற்றவர் பதில் சொல்ல வேண்டும். எரிபொருள்? இவ்வளவு. கதவுகள்? பூட்டியது. அந்தக் கேள்வி பதில் முடிந்து, விமானம் மேலேறி மட்டமாகப் பறக்கத் தொடங்கியதும் மார்வ் ஆரம்பித்துவிடுவார்: மருமகன் வாங்கிய உருப்படாத படகு, முழங்கால் வலி, தேர்தல். லைல் கேட்டுக்கொண்டிருப்பார். எப்போதாவது ஒரு வார்த்தை போடுவார், அதற்கு மார்வ் தொடையில் தட்டிச் சிரிப்பார். ஒரு பயணத்துக்கு நாற்பது நிமிடம். லைலுக்கு அது போதுமானதாக இருந்தது.

அக்டோபர் பாதியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கேப்டன்கள் பெரிய கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டே இருந்ததால் இடது இருக்கைக்கு ஆள் இல்லை, விமானங்கள் நின்றுகொண்டிருந்தன. ஆயிரம் மணி நேரம் பறந்த துணை விமானிகள் எல்லோரும் கேப்டன் பயிற்சியை ஏற்க வேண்டும். முப்பது நாளுக்குள் ஏற்காதவர்கள் தாமாகவே வேலையை விட்டதாகக் கருதப்படுவார்கள்.

லைல் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பனி வண்டி ஓட்டத் திரும்பிப் போகலாம், அந்த வேலைக்கு எப்போதும் ஆள் வேண்டும். இல்லையென்றால் ஏற்றுக்கொண்டு, கேப்டன் பட்டியலின் அடியில் டெட்ராய்ட்டில் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்று போய்விடும். இரண்டு கேப்டன்களை ஒரே விமானி அறையில் போடுவதில்லை. மார்வ் பக்கத்தில் இனி உட்காரவே முடியாது. இதை வெளியே சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை நண்பகலோடு முடிந்தது. வியாழன் மாலை இருவரும் பெமிஜிக்குப் பறந்தார்கள். விமானப் பணிப்பெண் டியோனா காப்பி கொண்டுவந்து கதவருகே நின்றாள்.

"என்ன லைல், நாளைக்குக் கேப்டனா, இல்ல வீட்டுக்கா? கம்பெனியில எல்லாரும் பந்தயம் கட்டியிருக்காங்க."

"நீ எதுல கட்டியிருக்கே?" என்றார் மார்வ்.

"இவரு வாயைத் திறக்கவே மாட்டாருன்னு கட்டியிருக்கேன். பாதி ஜெயிச்சாச்சு."

மார்வ் சிரித்தார். லைல் காப்பியை வாங்கிக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் மார்வ் அந்தக் கேலியைப் பத்து நிமிடம் இழுத்திருப்பார். அன்று அவரும் அதோடு நிறுத்திக்கொண்டார். பெமிஜி விளக்குகள் தெரியும்வரை இருவரும் வேலைக்கு வேண்டியதை மட்டுமே பேசினார்கள்.

இறங்கிய பிறகு, ஓட்டல் வண்டி வாசலில் நின்றது. டியோனா ஏறிவிட்டாள். மார்வ் பையைத் தூக்கினார்.

"சூப் இருக்கு" என்றார் லைல்.

"என்னது?"

"வீட்ல. காட்டரிசி சூப். நேத்து வச்சது. ரெண்டு பேருக்குப் போதும்."

மார்வ் பையைக் கீழே வைத்து லைலின் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டிக்குள் குனிந்து, "டியோனா, நீ போம்மா. என்னை ஒருத்தன் சாப்பிடக் கூப்பிட்டுட்டான்" என்றார்.

"யாரு, இவரா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "அப்ப என் பந்தயம் போச்சே."

வீடு விமான நிலையத்திலிருந்து ஆறு நிமிடம். மார்வ் காலணிகளைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டுச் சமையலறை மேசையருகே உட்கார்ந்தார். லைல் இரண்டாவது கிண்ணத்தைத் தேடி மேல் அலமாரியில் கைவிட்டு, எடுத்து, தூசி போகக் கழுவினார். சூப்பையும் ரொட்டியையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நல்லாயிருக்கு" என்றார் மார்வ். "ஆறு வருஷமா அந்த ஓட்டல்ல ரொட்டிக்கு நடுவுல அட்டையை வச்சுக் குடுத்துட்டு இருக்கான்."

"ஏரிக்காகப் பொறுத்துக்கறீங்கன்னு நெனச்சேன்."

"எந்த ஏரி?"

"இங்க இருக்கற ஏரி. ஓட்டலுக்கு முன்னாடி."

மார்வ் கரண்டியை வைத்தார். "நான் டுலூத்காரன்யா. எங்க வீட்டு ஜன்னலைத் தெறந்தா சுப்பீரியர் ஏரி. கரை தெரியாது, கப்பல் போகும். உங்க ஊர்க் குட்டையைப் பாக்கவா இங்க வர்றேன்?"

"அப்ப எதுக்கு இந்தப் பயணத்தை எடுத்தீங்க? நீங்க மூத்தவரு. தினம் டுலூத் போய் வீட்லயே படுத்திருக்கலாமே."

"எதுக்குன்னா? உன் வீடு இங்க இருக்கு." மார்வ் ரொட்டியைப் பிட்டார். "ஒருநாள் சும்மா சொன்னே, வாரத்துல மூணு ராத்திரி சொந்தப் படுக்கையில படுத்தாத்தான் மனுஷன் மனுஷனா இருக்கான்னு. சரி, எனக்கு எங்கே படுத்தா என்ன, வீட்ல டிவிப் பெட்டியும் நானும்தானேன்னு எடுத்தேன்."

மார்வின் மனைவி இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. லைலுக்கு அது தெரியும். மகளும் அந்த மருமகனும் தூரத்து ஊரில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து அவர் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீ கூப்பிட்டிருக்கலாம். மொத மாசம் கூப்பிடுவேன்னு பாத்தேன். நீ பையைத் தூக்கிப் போட்டு, கையைக் காட்டிட்டு, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே. சரி, இவனுக்குத் தனியா இருந்தாத்தான் பிடிக்கும்போல, நாம போய் ஒட்டக்கூடாதுன்னு விட்டுட்டேன்."

"நாள் முழுக்க என் மூஞ்சியையே பாத்திருப்பீங்க. ராத்திரியும் எதுக்குத் தொந்தரவுன்னு நான் நெனச்சேன்."

"நல்லா நெனச்சோம் போ, ரெண்டு பேரும்" என்றார் மார்வ். சிரிக்கவில்லை.

லைல் கணக்குப் போடாமல் இருக்க முயன்றார், முடியவில்லை. வாரத்துக்கு மூன்று இரவுகள், ஆறு ஆண்டுகள். ஒரு மைல் தொலைவில் ஓட்டல் அறையில் ஒருவர், இங்கே இந்த மேசையில் ஒருவர்.

"ரெண்டு கேப்டனை ஒண்ணாப் போடமாட்டாங்க" என்றார். அவர் ஆறு ஆண்டுகளாகச் சொல்லாத காரணம் அவ்வளவுதான். மார்வுக்குப் புரிய அது போதும்.

மார்வ் கிண்ணத்தின் அடியைக் கரண்டியால் வழித்தார். "அதுக்காக வேலையை விடாதேய்யா, லைல். டிசம்பருக்கு நான் டுலூத் பயணம் எழுதிக் குடுத்துட்டேன். நேத்தே பட்டியல் முடிஞ்சுது."

"நான் இன்னும் பதிலே சொல்லலையே."

"நீ ஆமான்னா டெட்ராய்ட் போயிருவே. இல்லேன்னா பனி தள்ளப் போயிருவே. எப்படிப் பாத்தாலும் எனக்குப் பக்கத்துல வேற எவனோதான். அப்புறம் இந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு? உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கலை. நமக்குத்தான் கேக்கத் தெரியாதே." அவர் கிண்ணத்தை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

இருந்தது. லைல் ஊற்றினார். எட்டு மணிக்கு மார்வை ஓட்டலில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை மினியாபொலிஸில் இறங்கியதும், விமானிகளின் ஓய்வறைக் கணினியில் 'ஏற்கிறேன்' என்ற கட்டத்தைக் குறித்தார். காக்க நினைத்தது எப்படியும் இல்லை என்றான பிறகு மறுப்பதற்கு அவரிடம் எதுவும் மீதமில்லை. மார்வ் பின்னால் நின்று பார்த்தார், தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வாயிலுக்கு நடந்தார்.

பயிற்சியில் பறப்பது சிரமமாக இல்லை. சிரமம் தரையில்தான் இருந்தது. ஓடுபாதைக்கு ஓட்டிப் போகும்போது விமானத்தைத் திருப்பும் சிறு கைப்பிடி இடது இருக்கைக்கு மட்டுமே உண்டு. பதினோரு ஆண்டு பறந்த மனிதர் அந்த ஜெட்டைத் தரையில் பத்தடிகூடத் திருப்பியதில்லை. இடது கையால் திருப்ப வேண்டும், வலது கையால் வேகம் கொடுக்க வேண்டும். இரண்டு கைகளும் ஒன்றின் வேலைக்கு மற்றொன்று ஓடின. முதல் நாள் மஞ்சள் கோட்டை விட்டு ஓராள் அகலம் விலகிப் போனார். பயிற்சியாளர், "பனி வண்டி ஓட்டினீங்கன்னு சொன்னாங்களே" என்றார். "அது கோடு தெரியாத இடத்துல ஓட்டறது" என்றார் லைல்.

பிப்ரவரியில் டெட்ராய்ட் போனார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பதினோரு விமானிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு அவருடையது. தொலைபேசி அடித்தால் இரண்டு மணி நேரத்தில் சீருடையில் நிற்க வேண்டும். பெமிஜிக்கு மாதம் ஒரு முறை போனால் அதிகம். அவர் ஓய்வறைக்குள் நுழைந்ததும் துணை விமானிகளின் பேச்சு ஒரு கணம் நின்று, சற்று மெதுவாகத் தொடர்ந்தது. பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைந்துபோனார்கள். எல்லோருக்கும் அவர் கேப்டன்.

மூன்றாம் வாரம் அல்பீனா என்ற சிற்றூரில் இரவு தங்கும் பயணம் ஒன்று வந்தது. துணை விமானி டோபின் ஆக்டர்பெர்க், முப்பத்தாறு வயது, ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவன். சரிபார்க்கும் பட்டியலைச் சுத்தமாகப் படித்தான். மட்டமாகப் பறக்கத் தொடங்கியதும் லைல் காத்திருந்தார். டோபின் எரிபொருள் அளவைப் பார்த்து எழுதினான், ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பேச்சை யார் தொடங்குவது என்பது இடது இருக்கையின் வேலை என்று லைலுக்கு அப்போதுதான் உறைத்தது. படகு வாங்கிய மருமகன் அவருக்கு இல்லை. என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிட்டது.

ஓட்டல் வாசலில் பைகளை இறக்கியபோது லைல் சொன்னார். "எதிர்ல ஒரு கடை இருக்கு. ஏழு மணிக்குச் சாப்பிடப் போறேன். வர்றியா?"

"தேங்க்ஸ் கேப்டன். ஏழு மணிக்குப் பசங்க தூங்கப் போகும். போன் பண்ணணும்."

"சரி, சரி. பசங்களைப் பாரு."

லைல் போய் உட்கார்ந்தார். பரிமாறுபவள் இரண்டு தட்டு வைக்கவா என்று கேட்டாள், ஒன்று போதும் என்றார். வலது இருக்கையில் இருந்த முதல் ஐந்து ஆண்டுகளில் இப்படித் தன்னைக் கேட்ட கேப்டன்களை எண்ணிப் பார்த்தார். ஏழு பேராவது இருக்கும். அசதியாக இருக்கிறது என்று ஏழு பேரிடமும் சொல்லியிருக்கிறார். அவர்களில் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. மார்வ் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. மீன் வந்தது, சூடு ஆறுமுன் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் இரவு எஸ்கனாபா என்ற ஊரில் தங்கல். வழியெல்லாம் பனி. ஓட்டல் வண்டியில் லைல் முன்னாலும் டோபின் பின்னாலும் உட்கார்ந்திருந்தார்கள். டோபின் காதில் கருவியைச் செருகி எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டல் வாசலில் திரும்பும்போது லைல் இருக்கையில் பாதி திரும்பி, "இன்னிக்கு எட்டு மணிக்குச் சாப்பிடப் போறேன். பசங்க தூங்கினப்புறம்" என்றார்.

டோபின் கருவியைக் கழற்றினான். "சொல்லுங்க கேப்டன்?"

லைல் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்து, மறுபடியும் கேட்டார்.