ரோஸி சொன்ன நொண்டி நாய்

ரோஸி போய்விட்டாள். காலையில் அவள் மகள் போன் செய்தாள்… தூக்கத்திலேயே என்றாள்.

மட்டாஞ்சேரியில் என் ஸ்கூல் ஃப்ரெண்ட். நாங்கள் அங்கே தமிழ்க் குடும்பம். அவள் பக்கத்துத் தோப்பும்படிக்காரி, மலையாளி; எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டே தமிழ் பேசினாள்.

அறுபதுகளின் தொடக்கம். லீவில் ஒரு பெரிய நாவல் படித்து, தினமும் டயரி எழுதச் சொன்னார் டீச்சர். தமிழோ மலையாளமோ, அவருக்கு இரண்டும் தெரியும்.

ஒரே ருஷ்ய நாவலை எடுத்தோம். அவளுக்கு லைப்ரரியில் கிடைத்த மலையாளம், எனக்கு வீட்டு அலமாரியில் இருந்த தமிழ். சாயங்காலம் படகுத்துறையில் உட்கார்ந்து அன்றைய கதையைப் பேசுவோம்.

முதல் வாரமே சண்டை. அவள் டயரியில் விருந்து, நடனம், குதிரைப் பந்தயம்… என் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. கதை விடுகிறாய் என்றேன்.

அவள் என் புத்தகத்தை வாங்கித் தன்னுடையதன் பக்கத்தில் வைத்தாள். பாதி தடிமன் கூட இல்லை.

"எடீ, உன் புஸ்தகத்த யாரோ வெட்டிக் களைஞ்சிருக்கா."

முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் 'சுருக்கம்' என்று இருந்தது. நான் பார்க்கவே இல்லை…

அதன்பிறகு விட்டுப்போனதையெல்லாம் அவள் சொல்வாள், நான் டயரியில் சேர்ப்பேன். நாயகன் போருக்குப் போனது எனக்கு ஒரே பாரா. அவள் சொன்னதில் பனி, பீரங்கி, அவன் பின்னாலேயே ஓடும் ஒரு நொண்டி நாய்.

எனக்கு நாயகனை விட நாய்தான் கவலை. தினமும் போனதும் முதலில் அது உயிரோடு இருக்கிறதா என்றுதான் கேட்பேன்.

கடைசியில் நாயகன் செத்துப்போனான். நான் அழத் தொடங்கியதும் ரோஸி அவசரமாகச் சொன்னாள். "நாய் வீடு சேர்ந்துடுத்துடீ."

டீச்சர் வகுப்பில் என் டயரியை வாசித்தார், அதுவும் நாய் வரும் பக்கங்களை. ரோஸி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி கோயம்புத்தூர் வந்து பல வருஷம் கழித்து, அதே நாவலை இங்கிலீஷில் முழுதாகப் படித்தேன். போர் இருக்கிறது, பனி இருக்கிறது. நாய்… எங்குமே இல்லை.

போன் போட்டுக் கேட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"இங்கிலீஷ்ல இல்லேன்னா நான் என்ன செய்ய? மலையாளத்துல உண்டு."

போன மாதம் பேசியபோதும் அதே பதில்தான்… சிரித்துக்கொண்டே.

எனக்கு மலையாளம் நன்றாகவே வாசிக்க வரும். அந்த ஒரு புத்தகத்தை மட்டும் நான் திறந்ததில்லை. இனியும் மாட்டேன்.

போய் வா ரோஸி. நாயைப் பார்த்துக்கோ.