நோன்புக்குத் திருப்பிய கடிகாரம்

அலெக்ஸாண்ட்ரியாவில் கடல் அலைகளைக் கணக்கிடும் அந்த ஆய்வு நிலையத்தில், 'தெரியாது' என்ற சொல் சஃபினாஸின் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. யூனிக்ஸ் கணினிகள் எல்லாம் அவள் பொறுப்பு. எது படுத்துக்கொண்டாலும் "சஃபினாஸக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அவளும் அலட்டிக்கொண்டே வருவாள். அந்த அலட்டல்தான் அவளுக்குப் பாதிச் சம்பளம்.

கெய்ரோவிலிருந்து யுஸ்ரியா வேலைக்கு வந்த பிறகு கூப்பிடுவது குறைந்தது. சிரித்த முகம், வேகமான விரல், போதாததற்குப் பணிவு வேறு. அந்தப் பணிவைத்தான் சஃபினாஸால் தாங்க முடியவில்லை. திமிர் பிடித்தவளாக இருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைக்கலாம்.

நோன்பு மாதம் பிறந்ததும், கோடைக்காக முன்னே தள்ளி வைத்திருந்த கடிகாரத்தை அரசாங்கம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியது. சஃபினாஸ் முந்திக்கொண்டு எல்லாக் கணினிகளிலும் தன் கையாலேயே நேரத்தைக் குறைத்தாள். அதே வாரம் இயக்குநர் ஃபவ்ஸி அறிவித்தார்: "புது அலைக்கணக்கு மென்பொருளை யுஸ்ரியா நிறுவட்டும். ஓடிச்சுன்னா பெரிய கணினி இனி அவ பொறுப்பு."

சஃபினாஸுக்கு வயிறு எரிந்தது. நோன்பின் எரிச்சல் இல்லை அது.

மறுநாள் யுஸ்ரியா அந்த மென்பொருளின் மூல நிரலைத் தன் மடிக்கணினியில் கொஞ்சம் திருத்தி, பெரிய கணினியில் ஏற்றி, நிறுவத் தொடங்கினாள். முதல் அடியிலேயே நின்றுவிட்டது. புதிதாக உருவாக்கிய கோப்பு, வந்திறங்கிய கோப்புகளைவிடப் பழையதாக இருக்கிறது, கடிகாரத்தைப் பாருங்கள் என்றது திரை.

"கடிகாரம் சரியாத்தானே இருக்கு?" யுஸ்ரியா சுவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மணி காட்டின.

"கெய்ரோ கைக்கு எங்க ஊர் மெஷின் மசியலையாக்கும்," என்றார் பக்கத்து மேசை வஹ்தான்.

சஃபினாஸுக்கு அந்த வரியைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கணினிக்குள் ஓடும் நேரம் உலகத்துக்கெல்லாம் ஒன்றுதான். அதற்குக் கோடையும் தெரியாது, நோன்பும் தெரியாது. முகப்பில் காட்டும் மணியைத்தான் ஊருக்கேற்ப மாற்ற வேண்டும். அவளோ அவசரத்தில் உள்நேரத்தையே பின்னால் தள்ளியிருந்தாள். அவள் கை படாத அந்த மடிக்கணினியில் உள்நேரம் சரியாக இருந்தது. அதனால் யுஸ்ரியாவின் கோப்புகள் இந்தக் கணினியைப் பொறுத்தவரை இன்னும் வராத நேரத்தில் பிறந்தவை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் தவறு தன்னுடையது, கணினி யுஸ்ரியாவுடையது.

"அக்கா, நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

"உன் பொறுப்பும்மா. நான் தலையிட்டா நல்லா இருக்காது," என்றாள் சஃபினாஸ், தேன் ஒழுக. பட்டினி கிடந்த வாய்க்கு அது இனித்தது.

யுஸ்ரியா கணினியின் வன்வட்டைச் சோதித்தாள், கோப்பு அனுமதிகளைச் சோதித்தாள். கடைசியில் முகம் வாடி நண்பகல் லுஹர் தொழுகைக்கு எழுந்து போனாள். திரும்பி வந்து, சும்மா, அதே கட்டளையை மறுபடி தட்டினாள். வரிகள் கடகடவென்று ஓடின. ஓடி முடிந்தன. மென்பொருள் வேலை செய்தது.

அதற்குள் ஒரு மணி நேரம் கடந்திருந்தது. பின்தங்கிய கடிகாரம் தானே நடந்து வந்து அந்தக் கோப்புகள் பிறந்த நேரத்தைத் தாண்டிவிட்டது. இதை மட்டும் சஃபினாஸ் யோசிக்கவில்லை.

"கைராசின்னா இதுதான்!" என்று பூரித்தார் ஃபவ்ஸி. "சஃபினாஸ், கடவுச்சொல்லை இவகிட்ட குடுத்துடு."

யுஸ்ரியாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. எல்லார் முன்னாலும் சஃபினாஸிடம் வந்து நின்றாள். "நான் ஒண்ணுமே பண்ணலக்கா, தானா சரியாயிடுச்சு. ஏன்னு உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்களேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது.

"தெரியாது," என்றாள் சஃபினாஸ்.